நிலாவுக்கு நான் கொடுத்த ரூ.9,950

கேமரா வாங்கிய காசை இதில் சேர்க்கவில்லை. அது போக, கிருஷ்ணகிரி சையது பாஷா மலைமேல் அந்தி நேரத்தில் நிலா ஏறுவதை ஒரே ஒரு படம் எடுக்க எனக்கு ஆன செலவு இது. தையில் தொடங்கி ஆனியில் முடிந்தது, மொத்தம் ஐந்து சாயங்காலம். மாம்பழக் கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறவள் என்பதால் பைசா சுத்தமாகச் சொல்ல முடிகிறது. 1791-ல் பிரிட்டிஷ் படை கீழே பேட்டையைப் பிடித்தும் மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பிய மலை அது. நானும் நாலு தடவை திரும்பினேன். யாராவது முன்கூட்டியே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டாவது தடவையிலேயே முடிந்திருக்கும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஆலை ராயக்கோட்டை ரோட்டில் இருக்கிறது, வீடு காவேரிப்பட்டணத்தில். போன மார்கழியில் ஒருநாள் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது ஜன்னலுக்கு வெளியே மலைக்கு மேல் நிலா தாம்பாளம் மாதிரி உட்கார்ந்திருந்தது. போனை எடுத்து ஏழெட்டு தடவை அமுக்கினேன். வீட்டில் வந்து பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. அடிவானத்தில் நிலா பெரிதாகத் தெரிவது கண்ணும் மனசும் சேர்ந்து செய்கிற வேலை என்று அப்போது தெரியாது. உச்சியில் இருந்தாலும் மலை மேல் இருந்தாலும் வானத்தில் நிலா பிடிக்கிற அகலம் அரை டிகிரிதான். நம்பாதவர்கள் கையை நீட்டிச் சுண்டுவிரலால் மறைத்துப் பாருங்கள், மறைந்துவிடும். சாதாரண போன் கேமராவில் அது படத்தின் அகலத்தில் நூற்றைம்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. சரி, கேமரா இருந்தால் எடுத்துவிடலாம் என்று சேமிப்பில் இருந்ததைப் போட்டு ஒரு பழைய கேனான் வாங்கினேன். கூடவே 18-55, 55-250 மில்லிமீட்டர் என்று இரண்டு லென்ஸ். எண் கூடக் கூட தூரத்துப் பொருள் படத்தில் பெரிதாக வரும். அம்மாவிடம் பாதி விலைதான் சொன்னேன்.

முதல் சாயங்காலம் தைப் பௌர்ணமி. காலண்டர் தாளில் பௌர்ணமி என்று போட்டிருந்தது, எனக்கு அது போதுமானதாக இருந்தது. ராயக்கோட்டை ரோட்டோரம் ஸ்கூட்டியை நிறுத்தி 5.30-க்கே ட்ரைபாடை விரித்துவிட்டேன். வானம் இளஞ்சிவப்பாக மாறி, ஊதாவாக மாறி, பாறைகள் எல்லாம் அழகாக இருந்தன. நிலாவைக் காணோம். 6.10-க்குச் சூரியன் மறைந்தது. அரை மணி போனது. மலை வெறும் கறுப்பு மேடாக மாறிய பிறகு, ஏறக்குறைய 6.55-க்கு உச்சிக்குப் பின்னால் இருந்து பளீரென்று வந்தது. மலை தெரிகிற மாதிரி கேமராவில் வெளிச்ச அளவை வைத்தால் நிலா, கறுப்புக் காகிதத்தில் பஞ்சிங் மெஷின் போட்ட ஓட்டை மாதிரி வெளுத்துவிடுகிறது. நிலாவில் உள்ள கறைகள் தெரிகிற மாதிரி வைத்தால் மலையே இல்லை. நூற்றுப் பத்து படம் எடுத்தேன், நூற்றுப் பத்தும் குப்பை.

என்ன நடந்தது என்று புரிய இரண்டு வாரம் ஆனது. காலண்டர் சொல்வது திதியை. அந்தத் திதி எத்தனை மணிக்கு முடிகிறது என்பதைப் பொறுத்து, அன்று சாயங்காலம் நிலா சூரியன் மறையும் முன்பும் உதிக்கலாம், மறைந்து இருபது நிமிடம் கழித்தும் உதிக்கலாம். எனக்கு நடந்தது இரண்டாவது. அதற்கு மேல் மலை வேறு. உதய நேரம் என்று போட்டிருப்பது தட்டையான அடிவானத்துக்கு. நடுவில் மலை நின்றால் அது மறைக்கிற ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய நாலு நிமிடம் கூடும். டிகிரியை அளக்கக் கருவி வேண்டாம். கையை நேராக நீட்டினால் சுண்டுவிரல் அகலம் ஒரு டிகிரி, நடுவிரல்கள் மூன்றும் சேர்ந்து ஐந்து, மூடிய முஷ்டி பத்து. நான் நின்ற இடத்திலிருந்து மலை மூன்று விரலும் கொஞ்சமும், ஆறு டிகிரி என்று வையுங்கள். அதற்கு 24 நிமிடம். ஆக, பார்க்க வேண்டியது பௌர்ணமியை அல்ல, ஒரு கூட்டலை: நிலா உதிக்கும் நேரத்தோடு மலைக்கான தாமதத்தைக் கூட்டி, அது சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். பத்து நிமிடம் முன்னே பின்னே இருக்கலாம். அந்த நேரத்தில்தான் மலை மேல் இன்னும் வெளிச்சம் இருக்கும், நிலாவும் கண்ணைக் குத்தாது. நம் பக்கம் சூரியன் மறைந்து 22, 23 நிமிடத்தில் அந்த வெளிச்சம் போய்விடுகிறது. நிலா தினமும் சராசரியாக 50 நிமிடம் பின்தங்குவதால், பெரும்பாலும் பௌர்ணமிக்கு முந்தின நாள்தான் கணக்கு ஒத்துவரும். முந்தின நாள் நிலா கண்ணுக்கு முழு வட்டமாகத்தான் தெரியும், யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்ட திமிரோடு மாசியில் இரண்டாவது தடவை போனேன். அதே இடம், முந்தின நாள், சரியான நேரம். நிலா வந்தது. ஆனால் மலையை விட்டு ஒரு முஷ்டி அகலம் வலது பக்கம் தள்ளி, செல்போன் டவருக்கும் கோழிப்பண்ணைக் கூரைக்கும் நடுவில் வந்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மலையும் நிலாவும் ஒரே கோட்டில் வரும் இடத்தைத் தேடி ஓட்டினேன். நான் நகர நகர நிலா மலைப்பக்கம் வருகிறது, ஆனால் அதற்குள் அது மேலே போய்விடுகிறது. பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது.

சூரியன் உதிக்கும் இடம் உத்தராயணம், தட்சிணாயனம் என்று நகர்வது நமக்குத் தெரியும். பௌர்ணமி நிலா அதற்கு நேர் எதிராக நகர்கிறது. மார்கழி, தையில் வடகிழக்கில் உதிக்கும். வைகாசி, ஆனியில் தென்கிழக்கில். நடுவில் மாசி, பங்குனி, சித்திரையில் மாதா மாதம் பெரிய தாவலாகத் தாவும். இரண்டு கோடியிலும், அதாவது மார்கழிக்கும் தைக்கும் நடுவில், வைகாசிக்கும் ஆனிக்கும் நடுவில், இடம் அதிகம் மாறாது. போன தடவை தவறவிட்டதை அடுத்த மாதம் அதே இடத்தில் பிடிக்க வேண்டுமானால் இந்த ஜோடி மாதங்களைத்தான் நம்ப முடியும். இன்னொன்று, யாரோ பத்து வருடத்துக்கு முன் எடுத்த படத்தைப் பார்த்து அதே இடத்தில் அதே மாதம் போய் நிற்காதீர்கள். நிலா எவ்வளவு தூரம் வடக்கே, தெற்கே ஒதுங்குகிறது என்பதற்கு 18.6 வருடச் சுழற்சி ஒன்று இருக்கிறது. 2024, 2025-ல் அது உச்சத்தில் இருந்தது. எந்த இடத்தில் நின்றால் எந்தத் திசையில் வரும் என்று ஃபோட்டோபில்ஸ் மாதிரி ஆப்கள் மேப்பிலேயே கோடு போட்டுக் காட்டிவிடும். காசு கொடுக்க மனமில்லாவிட்டால் ஸ்டெல்லேரியத்தில் ஊரையும் நேரத்தையும் போட்டால் டிகிரி கிடைக்கும், அதை வைத்து மேப்பில் நீங்களே கோடு போடலாம். நான் முதலில் போனில் இருக்கும் திசைகாட்டியை நம்பி ஏமாந்தேன். மூடி வைக்கிற போன் கவரில் காந்தம் இருக்கிறது. அது திசைகாட்டியை எங்கேயோ இழுத்துவிடுகிறது. கவரைக் கழற்றிவிட்டு, ஸ்கூட்டியை விட்டுத் தள்ளி நின்று பாருங்கள்.

பங்குனியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கணக்கு சரி, இடம் சரி. ஆனால் வெயில் காலத்துப் புழுதியும் கிரஷர் தூசியும் சேர்ந்து அடிவானத்தில் ஒரு சாம்பல் படுதா. நிலா மலைக்குப் பின்னால் இருந்து வந்ததா என்றே தெரியவில்லை. நன்றாக மேலே ஏறிய பிறகு அழுக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. அன்று மதியம் கிழக்கே தூரத்து மலைகள் தெரிகிறதா என்று மாடியில் ஏறிப் பார்த்திருந்தால் பெட்ரோல் மிச்சம்.

இதற்குள் எனக்கு வேறொரு கிறுக்கு பிடித்திருந்தது. நிலா படத்தில் பெரிதாக, மலையை விழுங்குகிற மாதிரி வர வேண்டும். 150-600 லென்ஸ் இருந்தால் வந்துவிடும் என்று முடிவு செய்தேன். கணக்குப்படி என் கேமராவில் 250-ல் நிலா படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு, 600-ல் நாலில் ஒரு பங்கு. வைகாசியில், சீசன் உச்சத்தில், ஆலை வாசலில் பெங்களூரா ரக மாங்காய் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது, மேனேஜரிடம் பல்வலி என்று சொல்லி ஒன்றரை நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். பெங்களூரு போய் லென்ஸ் வாடகைக்கு எடுத்தேன். இரண்டு நாள் வாடகை 2,600, முன்பணம் 10,000. பஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்து 700.

இப்போது நிலா தென்கிழக்கில் உதிப்பதால் நான் மலைக்கு மேற்கே கொஞ்சம் வடக்காக நிற்க வேண்டும். ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, மலையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, ஒரு மாந்தோப்பின் வேலி ஓரம் மேப்பில் கிடைத்தது. ஸ்கூட்டியை ரோட்டிலேயே விட்டுவிட்டு வரப்பில் நடந்து போனேன். யாரிடமும் கேட்கவில்லை. நாம் மாங்காய் பறிக்கவா போகிறோம் என்ற நினைப்பு.

மேலே லென்ஸ் இரண்டு கிலோ, கீழே ட்ரைபாட் 1,650 ரூபாய். நிலாவை நடுவில் வைத்து இறுக்கிவிட்டுக் கையை எடுத்தால், தலை மெதுவாக, தூங்கி வழிகிற கிழவர் மாதிரி, கீழே தொங்குகிறது. மறுபடி தூக்கி, இறுக்கி, கையை எடுத்தால் மறுபடி தொங்கல். நிலா தன் அகலத்தைத் தானே தாண்ட இரண்டு நிமிடம்தான் எடுக்கும். 600-ல் பார்த்தால் அது ஓடுவது கண்ணுக்கே தெரிகிறது. இருட்ட இருட்ட ஷட்டர் வேகத்தைக் கால் நொடி வரை இறக்கினேன், அதனால் எல்லாப் படத்திலும் நிலாவின் ஓரம் கலங்கிவிட்டது. லென்ஸில் இருந்த நடுக்கம் குறைக்கும் சுவிட்சை ட்ரைபாடில் வைக்கும்போது அணைக்க வேண்டும் என்பதும் அப்போது தெரியாது.

அந்த நேரத்தில்தான் பின்னால் டார்ச் வெளிச்சம், கூடவே ஒரு நாய். "யாரும்மா அது? இருட்டுல மரத்தாண்ட இன்னா பண்ணிக்கினு இருக்கே?" நாய் பாய்ந்ததில் நான் ஒரு பக்கம் துள்ள, ட்ரைபாட் ஒரு பக்கம் சாய்ந்தது. லென்ஸ் முன்பக்கம் வரப்புக் கல்லில் இடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. காவல்காரத் தாத்தா கிட்ட வந்து என் மேல் ஒரு தடவை, கேமரா மேல் ஒரு தடவை டார்ச் அடித்தார். "நிலாவைப் போட்டோ எடுக்க வந்தேங்க தாத்தா" என்றேன். குரல் நடுங்கியது. அவர் நிலாவைத் திரும்பிப் பார்த்தார். "ஏன், உங்க ஊர்ல வர்றதில்லையா?"

பையைத் திறந்து மாங்காய் இல்லை என்று காட்டிவிட்டு, வரப்பில் அவரே டார்ச் அடித்து ரோடு வரை கொண்டுவந்து விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. சீசனில் ராத்திரி தோப்பில் நிழலாடினால் அவர் வேறு என்ன நினைப்பார்? ஆனால் காவேரிப்பட்டணம் வரும் வரை ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டேதான் வந்தேன். பயம் பாதி, அவமானம் பாதி. யாரும் கேட்காத ஒரு படத்துக்காகப் பொய் சொல்லி லீவு போட்டு இப்படி மாட்டிக்கொண்டேனே என்ற எரிச்சல் அதற்கு மேல்.

மறுநாள் லென்ஸைத் திருப்பிக் கொடுத்தபோது முன்பணத்தில் 3,500 பிடித்துக்கொண்டார்கள். முன் வளையத்தில் இருந்த நசுங்கல் என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கவாட்டில் இருந்த இரண்டு கீறல்கள் நான் வாங்கும்போதே இருந்தவை. நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. வாடகைக்கு எடுக்கும்போது கடை மேசையிலேயே, கடைக்காரர் முன்னாலேயே லென்ஸைச் சுற்றிச் சுற்றி ஒரு நிமிடம் வீடியோ எடுத்துவிடுங்கள். முன்பணத்தில் எதற்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற கூச்சம்தான் எனக்கு 3,500 ரூபாய்க்கு வந்து நின்றது. அந்த லென்ஸைத் தாங்காத ட்ரைபாடில் அதை மாட்டியது என் முட்டாள்தனம், அதற்குத் தனிக் கணக்கு கிடையாது.

வீட்டில் படுத்துக்கொண்டு யோசித்ததில் இன்னொன்றும் புரிந்தது. நிலா பெரிதாகத் தெரிவது லென்ஸால் மட்டும் வருவதில்லை, பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதாலும் வருகிறது. ஒரு பொருள் நிலாவின் அளவே தெரிய வேண்டுமானால் அதன் உயரத்தைப் போல 110 மடங்கு தள்ளி நிற்க வேண்டும். பத்து மீட்டர் உயரக் கட்டடம் என்றால் 1,100 மீட்டர். நான் நின்ற இடத்தில் நிலாவின் அகலம் மலை உச்சியில் 25 மீட்டர் பாறைக்குச் சமம். அது என் 250-லேயே நன்றாகத் தெரிகிற அளவுதான். முழு மலையையும் விழுங்குகிற நிலா வேண்டுமானால் நான் மாவட்டத்தையே தாண்டிப் போய் நிற்க வேண்டியிருக்கும். வாடகை லென்ஸ் எனக்குத் தேவையே இல்லை.

ஆனியில் மறுபடி போனேன். இந்தத் தடவை நாலு நாள் முன்னாலேயே, பகலில், காவேரிப்பட்டணத்து நிப்பட்டு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு தாத்தாவைப் பார்த்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் வருகிறேன், எட்டு மணிக்குள் போய்விடுவேன் என்றேன். "மேக்கால மூலையில நில்லு, அங்க கிளை மறைக்காது" என்று அவரே இடம் காட்டினார். எந்த ஆப்பும் சொல்லாத விஷயம் அது. பெங்களூரா முடிந்து நீலம் மட்டும் மரத்தில் இருந்தது. முந்தின நாள் மழை பெய்து தூசி அடங்கியிருந்தது.

அன்று நிலா உதயம் 6.22, மலைக்கு 24 நிமிடம், சூரியன் மறைவு 6.47. கேமராவை நிமிர்த்தி வைத்தேன், நிலா மேலே ஏற இடம் வேண்டுமே. மலைக்குப் பின்னால் ஆறு டிகிரி ஏறுவதற்குள் அது ஒன்றரை டிகிரிக்கு மேல், மூன்று நிலாவை அடுக்கின அகலம், வலது பக்கம் நகர்ந்துவிடும். அதையும் கணக்கில் எடுத்து, தாத்தா காட்டிய மூலையில் நிற்கும் இடத்தைச் சரிசெய்துகொண்டேன். ட்ரைபாட் நடுவில் தண்ணீர் பாட்டில் பையைக் கட்டித் தொங்கவிட்டேன். திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி மலை உச்சிப் பாறையில் போகஸ் வைத்துவிட்டு, ஆட்டோ போகஸை அணைத்தேன். லென்ஸ் துவாரம் எஃப் 8, வெளிச்ச உணர்திறன் ஐஎஸ்ஓ 200, ஷட்டர் நொடியில் அறுபதில் ஒரு பங்கு. கை பட்டு ஆடாமலிருக்க இரண்டு நொடி டைமர். கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைக்கிற ரா பார்மட்.

6.46-க்கு உச்சிப் பாறைக்குப் பின்னால் வானம் கொஞ்சம் வெளுத்தது. அப்புறம் பாறையின் விளிம்பில் ஒரு ஆரஞ்சு நகம். பாறைமேல் ஒரு செடி இருந்தது. பகலில் நான் பார்த்ததே இல்லை. நிலாவுக்கு நடுவில் அதன் ஒவ்வொரு குச்சியும் தனித்தனியாகத் தெரிந்தது. காற்றில் அது ஆடுவதுகூடத் தெரிந்தது. அமுக்க வேண்டும் என்பதை நான் நாலைந்து நொடி மறந்தே போனேன். 7 மணி வரை அதே அளவில் எடுத்து, பிறகு ஐஎஸ்ஓவை 400 ஆக்கி, ஷட்டரை முப்பதில் ஒரு பங்குக்கு இறக்கினேன். அதற்கு மேல் மலை கறுத்துவிட்டது, மூட்டை கட்டினேன். 46 படம், அதில் நல்லது மூன்று.

தனியாகப் போகிறவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு: பகலில் ஒருதடவை போய் இடத்தையும் அங்கே இருக்கும் ஆட்களையும் பார்த்துவிடுங்கள். லொகேஷனை வீட்டில் ஒருத்தருக்காவது ஷேர் செய்யுங்கள். நான் முதல் நாலு தடவை செய்யவில்லை, வெட்கப்படுகிறேன். வண்டியை ரோட்டைப் பார்த்து நிறுத்துங்கள். செருப்பு வேண்டாம், ஷூ. வரப்பில் பாம்பு சகஜம். ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் போவதானால் ராகி அறுவடைக் காலத்தில் யானைகள் இறங்கும். அன்றைக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஊர்க்காரர்களிடம் கேட்காமல் அந்திக்கு மேல் வயலோரம் நிற்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கால் வைக்கவே வேண்டாம்.

கணக்கு: ட்ரைபாட் 1,650, லென்ஸ் வாடகை 2,600, போக்குவரத்து 700, பிடித்தம் 3,500, பெட்ரோல் 600, சம்பள இழப்பு 900. நிப்பட்டு இதில் இல்லை.

ஒரு படத்தைப் பிரிண்ட் போட்டுத் தாத்தாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொட்டகை வாசலில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தூரமாகவும் கிட்டவும் பிடித்துப் பார்த்தார். "மலை இருக்கு. நிலா இருக்கு" என்றார். பிறகு ஓரங்களில் விரலால் தேடினார். "எங்க தோப்பைக் காணோமே?" 250-ல் தோப்பு எப்படி வரும் தாத்தா என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, அடுத்த வைகாசிக்கு 18-55 போட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.